தஞ்சம் வந்த மெட்டு

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் இறால் வாங்கப் போவார்கள். அல்லது பூநாரை பார்க்கப் போவார்கள். இரண்டிலும் சிரத்தை இல்லாதவனைக் கண்டால், "டச்சுக்காரன் கல்லறையைப் பார்த்தீங்களா?" என்று கேட்டு அந்தப் பக்கம் அனுப்பி வைப்பது ஊர் வழக்கம். என்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள்.

வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள், நம் கோயில் துவாரபாலகர்கள் மாதிரி, கல்லில் நிற்கின்றன. உள்ளே பதினேழாம் நூற்றாண்டு வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் அவர்கள் வீட்டுப் பெண்டு பிள்ளைகளும் படுத்திருக்கிறார்கள். குடும்பச் சின்னம், பூவேலை, டச்சு எழுத்து என்று ஒவ்வொரு கல்லும் ஒரு பட்டயம் போல இருக்கிறது. உயிரோடு இருந்தபோது இவர்கள் துணி வாங்கி விற்றார்கள், வெடிமருந்து செய்தார்கள், பஞ்ச காலத்தில் மனிதர்களையும் வாங்கிக் கப்பலேற்றி பத்தேவியாவுக்கு அனுப்பினார்கள். 1613-ல் கட்டிய ஜெல்ட்ரியா கோட்டை இப்போது முள்ளும் புதரும் மூடிய மேடு. கல்லறைக் கற்கள் மட்டும் வெயிலில் பளிச்சென்று இருக்கின்றன.

நான் தேடிப்போன மனிதருக்கு அங்கே கல் இல்லை. அவர் அந்த ஊரில் சாகவில்லை. இரண்டு தடவை அந்த ஊருக்கு ஓடி வந்தார். இரண்டு தடவையும் பிழைத்துத் திரும்பிப் போனார். அவர் பெயர் யோகான் பிலிப் பப்ரீஷியுஸ். தமிழ் லுத்தரன் குடும்பங்களில் இந்தப் பெயரைச் சொன்னால் தாத்தா பாட்டிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அகராதி புரட்டுகிறவர்களுக்கும் பெயர் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

அகராதிக்காரர், வேதத்தை மொழிபெயர்த்தவர் என்ற இரண்டு பட்டங்களும் அவருக்கு உண்டு. நான் இங்கே சொல்ல நினைப்பது மூன்றாவது வேலையைப் பற்றி. அவர் ஜெர்மன் மெட்டுக்குத் தமிழில் பாட்டு எழுதினார். அதைத் தமிழர்கள் பாடும்படி செய்தார். ஒரு பாஷையிலிருந்து இன்னொரு பாஷைக்கு அர்த்தத்தைக் கொண்டுவருவது கஷ்டம் என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் புலம்புவோம். அர்த்தத்தோடு மெட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வருவது எப்படிப்பட்ட காரியம் என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள்.

பப்ரீஷியுஸ் 1711-ல், பிராங்க்பர்ட்டுக்கு அருகில் கிளேபெர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். முதலில் படித்தது சட்டம். (சட்டம் படித்த மனிதருக்குக் கடைசிக் காலத்தில் சட்டத்தினாலேயே வந்த கதியைப் பிறகு சொல்கிறேன்.) சட்டத்தை விட்டுவிட்டு வேதசாஸ்திரம் படிக்க அவர் போன ஊர் ஹாலே. தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் அந்த ஜெர்மன் நகரத்துக்கு நம் மாவட்டத் தலைநகர்கள் சிலவற்றை விடப் பெரிய இடம் உண்டு. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு அங்கே படித்தவர். அவருக்குப் பின் ஒரு நூற்றாண்டு காலம், தமிழ் கற்று, தமிழ் அச்சடித்து, தமிழ்ப் பள்ளிக்கூடம் வைத்த பாதிரிமார் வரிசையாக அங்கிருந்துதான் வந்தார்கள்.

ஹாலே இன்னொரு விதத்திலும் பேர் போன ஊர். மேல்நாட்டு சங்கீத மேதை ஹாண்டெல் 1685-ல் அங்கே பிறந்தார். 1702-ல், பதினேழு வயசுப் பையனாக, அவ்வூர்ப் பேராலயத்தில் ஆர்கன் வாசிக்கிற உத்தியோகத்தில் அமர்ந்தார். ஒரு வருஷம்தான் இருந்தார். பிறகு ஹாம்பர்க், இத்தாலி என்று சுற்றி லண்டனில் குடியேறினார். ராஜாவின் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். 1727-ல் பிரிட்டிஷ் பிரஜையாகவே மாறிவிட்டார். அவருடைய 'மெசையா' முதன்முதலாக டப்ளின் நகரத்தில் அரங்கேறியது 1742 ஏப்ரலில். அதே 1742 டிசம்பரில், அதே ஹாலேயில் படித்த பப்ரீஷியுஸ் சென்னைப் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தார். ஊரை விட்டுப் போன ஆர்கன்காரருக்கு உலகப் புகழ் கிடைத்தது. ஊரை விட்டு வந்த இவருக்குக் கறுப்பர் பட்டணத்தில் ஒரு வீடும், சின்னச் சபையும், சில பள்ளிப் பிள்ளைகளும் கிடைத்தன.

ஹாலேயிலிருந்து இவர் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்த சொத்து பாட்டுதான் என்று சொல்ல வேண்டும். அந்த ஊரில் ஃபிரைலிங்ஹவுசன் என்ற பாதிரியார் 1704-ல் ஒரு பெரிய பாட்டுப் புஸ்தகம் வெளியிட்டார். அதில் பழைய மெட்டுகளோடு புதிய மெட்டுகளும் இருந்தன. சில மெட்டுகள் துள்ளிக்கொண்டு போகும். விட்டன்பெர்க்கில் இருந்த பழைய தலைமுறைப் பண்டிதர்களுக்கு இது பொறுக்கவில்லை. ஆராதனையில் பாடுகிற பாட்டா இது, நாட்டியத்துக்குப் போடுகிற மெட்டல்லவா என்று கண்டித்து எழுதினார்கள். நம் ஊரில் பஜனை மெட்டில் நாடகப் பாட்டு வாடை வருகிறது என்று முகம் சுளிக்கும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனிதர்கள் எங்கும் ஒன்றுதான்.

ஆகவே, 'இதுதான் ஆசாரமான சங்கீதம்' என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றை இவர்கள் இங்கே கொண்டுவந்து திணித்தார்கள் என்று நினைப்பது தவறு. சொந்த ஊரிலேயே திட்டு வாங்கிக்கொண்டிருந்த மெட்டுகள் அவை.

அவருடைய உத்தியோகமே ஒரு விசித்திரமான கலவை. ஆள் ஜெர்மனி, பட்டம் கொடுத்துக் கப்பலேற்றியது டென்மார்க், சென்னையில் செலவுக்குப் பணம் அனுப்பியது லண்டனில் இருந்த ஒரு கிறிஸ்தவச் சங்கம், பிரசங்கம் செய்தது தமிழில். நாலு ஊர்த் தண்ணீர் குடித்த மனிதருக்கு ஐந்தாவதாகப் பழவேற்காட்டுத் தண்ணீரையும் குடிக்கும்படி செய்தவன் பிரெஞ்சுக்காரன் லாபூர்தொனே.

1746 செப்டம்பரில் லாபூர்தொனே கப்பல்களோடு வந்து சென்னைக் கோட்டையைச் சுட்டான். சில நாட்களில் கோட்டை விழுந்தது. இருபத்தோரு வயசு குமாஸ்தாவாக ராபர்ட் கிளைவ் அதில் சிக்கி, மாறுவேஷம் போட்டுக் கடலூர்ப் பக்கம் தப்பினது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். புதுச்சேரியில் ஆனந்தரங்கம் பிள்ளை உட்கார்ந்து நாள்தோறும் செய்தி எழுதிக்கொண்டிருந்தார். பிடித்த கோட்டையை என்ன செய்வது என்று லாபூர்தொனேயும் துய்ப்ளேயும் சண்டை போட்டுக்கொண்டார்கள். நவாபின் படை வந்து அடையாற்றங்கரையில் தோற்றுப் போயிற்று. சரித்திரப் புஸ்தகங்கள் இதையெல்லாம் விஸ்தாரமாகச் சொல்லும்.

கோட்டைக்குப் பக்கத்தில் கறுப்பர் பட்டணத்து வீடுகள் பீரங்கிக்கு மறைப்பாக இருக்கின்றன என்று பிரெஞ்சுக்காரர்கள் இடித்துத் தள்ளினார்கள். அதில் பப்ரீஷியுஸின் வீடும் போயிற்று. ஜெபம் நடந்த இடமும் போயிற்று. அவர் தம் சின்னக் கூட்டத்தோடும் பிள்ளைகளோடும் வடக்கே புறப்பட்டார். டச்சுக்காரர்கள் இந்தச் சண்டையில் ஒதுங்கி நின்றவர்கள். பழவேற்காட்டில் அடைக்கலம் கிடைத்தது.

நான் கதை எழுதுகிறவன். இந்த இடத்தில் என் கை துறுதுறுக்கிறது. சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்கு இன்றைய கணக்கில் சுமார் 60 கிலோமீட்டர். எத்தனை பேர் நடந்தார்கள், எத்தனை பேர் படகில் போனார்கள், யார் முதுகில் யார் குழந்தை என்றெல்லாம் நாலு பக்கம் எழுதிவிடலாம். எழுத மாட்டேன். ஏரியை மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் ஏரி அன்றைக்கும் இருந்தது.

அது கடலும் அல்ல, ஏரியும் அல்ல. ஆரணியாறும் வடக்கே காளங்கி, சொர்ணமுகி ஆறுகளும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உப்பைக் கொண்டுவந்து கலக்கிறது. நம் தேசத்து உப்பங்கழிகளில் ஒரிஸ்ஸாவின் சில்காவுக்கு அடுத்தபடி இதுதான் பெரியது. நடுவில் இறங்கி நின்றாலும் பல இடங்களில் இடுப்பளவுதான் ஆழம். அக்கரையில் நீளமாகப் படுத்திருக்கும் மணல்தீவு ஸ்ரீஹரிகோட்டா. இந்நாளில் அங்கிருந்து ராக்கெட் கிளம்புகிறது. இக்கரையில் குப்பங்கள். எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடுவது என்பதற்குப் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. அதற்குப் 'பாடு' என்று பெயர். முறை வைத்துக்கொள்வார்கள். என்னை ஏற்றிப் போன படகுக்காரர், "இன்னிக்கு எங்க பாடு இல்லீங்க, அதான் உங்களைக் கூட்டிக்கிட்டு வந்தேன்" என்றார். தொழில் இல்லாத நாளில்தான் என்னைப் போன்றவனுக்குப் படகு கிடைக்கும் என்று புரிந்தது.

இந்தப் 'பாடு' என்ற சொல்லிலேயே பப்ரீஷியுஸின் சங்கடம் முழுவதும் இருக்கிறது. தமிழில் 'பாடு' என்றால் பாடு என்று கட்டளை. 'பாடு' என்றால் கஷ்டம். கிறிஸ்தவர்கள் இயேசுவின் 'பாடுகள்' என்பது இந்தப் பொருளில்தான். பழவேற்காட்டில் 'பாடு' மீன்பிடிக்கும் முறை. ஆனால் 'பா'வைக் குறுக்கிப் 'படு' என்று சொல்லிவிட்டால் கதையே வேறு. பாடச் சொன்னவர் படுக்கச் சொல்லிவிட்டதாக ஆகும். குறிலும் நெடிலும் நமக்கு அலங்காரம் அல்ல, அர்த்தம். கல் வேறு, கால் வேறு; விடு வேறு, வீடு வேறு.

ஜெர்மன் சபைப் பாட்டு எப்படிப் போகும்? ஒரு அசைக்கு ஒரு சுரம். கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடுவதால் சுரங்கள் ஏறக்குறைய ஒரே நீளத்தில் அடி எடுத்து வைக்கும். வரி முடிவில் நின்று மூச்சு வாங்கும். அங்கே கடைசி அசை நீண்டு ஒலிக்கும். அவர்கள் பாஷையில் எந்த அசை அழுத்தம் பெறுகிறது என்பதே பெரிய விஷயம். அதில் தமிழைக் கொண்டுபோய் வைத்தால், குறில் வருகிற இடத்தில் மெட்டு நீட்டச் சொல்கிறது. நெடில் வருகிற இடத்தில், நடையைக் கட்டு என்று விரட்டுகிறது. போதாக்குறைக்கு, நமக்கு எதுகை அடியின் தலையில். அவர்களுக்கு அது வாலில். நம் சங்கீதத்தில் ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு ராகம் வளைந்து வளைந்து போகும். அவர்கள் சுரம் படிக்கட்டு மாதிரி நேராக ஏறி இறங்கும்.

தரங்கம்பாடியில் இவருக்கு முன்னாலேயே இந்த வேலை ஆரம்பமாகிவிட்டது. 1715-ல் அங்கே தமிழ்ப் பாட்டுப் புஸ்தகம் அச்சாயிற்று. அந்தப் பாதிரிமார்களின் தமிழைக் கண்டு வீரமாமுனிவர் சிரித்தார். அவர் சிரிக்கலாம், 'தேம்பாவணி' எழுதினவர். விருத்தத்திலும் சந்தத்திலும் புலவர்களோடு தோளுரசினவர். ஆனால் அவர் எழுதியது புலவர்களுக்கு. இவர்களுக்கு வேண்டியிருந்தது எழுதப் படிக்கத் தெரியாத கிழவி, ஞாயிற்றுக்கிழமை காலையில், பக்கத்தில் நிற்கிறவளோடு சேர்ந்து, தப்பில்லாமல் பாடக்கூடிய ஒன்று. ஒரே கண்ணால் இரண்டையும் பார்ப்பது நியாயம் ஆகாது.

பப்ரீஷியுஸ் பழைய பாட்டுகளைத் திருத்தினார். புதிதாகவும் நிறையப் பெயர்த்தார். வேதத்தை மொழிபெயர்த்தபோது முழங்காலில் நின்றே எழுதினார் என்று லுத்தரன் வீடுகளில் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியானாலும், மூலத்திலிருந்து ஒரு சொல்லும் சிந்திவிடக் கூடாது என்ற பயம் அவர் எழுத்தில் தெரிகிறது. பாட்டிலும் அந்தப் பயம் இருக்கிறது. அதனால் சில இடங்களில் வாக்கியம் முறுக்கிக்கொள்கிறது. சில இடங்களில் வேஷ்டிக்குள் கால்சராய் தெரிகிற மாதிரி ஜெர்மன் தெரிகிறது. ரசிகனாக நான் அதை ஒளிக்கப் போவதில்லை. ஆனால் அங்கங்கே ஒரு சொல் மெட்டின் மேல் கச்சிதமாக உட்காரும்போது, அந்த மெட்டுக்கு வேறு பாஷை இருந்ததே மறந்து போகிறது.

பழவேற்காட்டில் அவர் சும்மா இருந்திருக்க முடியாது என்று மட்டும் நான் தைரியமாகச் சொல்வேன். கோயில் இல்லை, வீடு இல்லை. அடைக்கலம் புகுந்தவர்களிடம் ஆர்கனா இருக்கும்? பிள்ளைகள் இருந்தார்கள், பிள்ளைகளுக்குத் தொண்டை இருந்தது. ஹாலே வழிப் பள்ளிக்கூடங்களில் பாட்டு இல்லாத நாள் கிடையாது. காலையில் பாட்டு, மாலையில் பாட்டு, நடுவில் வேதம், கணக்கு, எழுத்து. அந்தக் கூட்டத்துக்கு அவர் குருவும் பாட்டு வாத்தியாரும் ஆக இருந்தார். டச்சுக் கோட்டை அருகே அந்தப் பிள்ளைகள் தமிழில், ஜெர்மன் மெட்டில் பாடியிருந்தால், கேட்ட டச்சுச் சிப்பாய்க்கு என்ன தோன்றியிருக்கும்? பாதி தெரிந்த மெட்டு, ஒன்றும் தெரியாத வார்த்தை. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவனுக்கு அதுவே தலைகீழ்: தெரிந்த வார்த்தை, தெரியாத மெட்டு.

1748-ல் ஐரோப்பாவில் சமாதானம் ஆயிற்று. சென்னையை இங்கிலீஷ்காரனுக்குத் திருப்பிக் கொடுத்து, அதற்குப் பதில் பிரெஞ்சுக்காரன் கனடாப் பக்கம் ஒரு தீவைக் கோட்டையோடு பெற்றுக்கொண்டான். பண்டமாற்று முடிந்து 1749-ல் கோட்டையில் பழையபடி இங்கிலீஷ் கொடி ஏறியது. ரோமன் கத்தோலிக்கப் பாதிரிமார் பிரெஞ்சுக்காரனுக்கு உளவு சொன்னார்கள் என்று குற்றம் சாட்டி, கம்பெனியார் அவர்கள் கையிலிருந்த கோயில்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். வேப்பேரியில், கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரியின் ஆதரவில் இருந்த கோயில் ஒன்றும் அதில் சேர்ந்தது. உஸ்கான் யார் தெரியுமா? சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு மேல் மர்மலாங் பாலம் கட்டினவர். பரங்கிமலைக்குப் படி போட்டவர். அவருக்கு வேண்டிய கோயில் பப்ரீஷியுஸுக்குக் கிடைத்தது. தன் இடத்தை இடித்துவிட்டார்கள் என்று ஓடினவர், இன்னொருவர் இடத்தில் வந்து உட்கார்ந்தார். இது அவர் கேட்டு வாங்கின பாவமா, ராஜாங்கம் கொடுத்த வரமா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அந்த வரலாறு தெரியாமல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். இன்று அங்கே நிற்பது புனித மத்தியா ஆலயம்.

பத்து வருஷம் நிம்மதி. 1758 டிசம்பரில் லாலி வந்து சென்னையை முற்றுகையிட்டான். வேப்பேரி கோட்டைக்கு வெளியே கிடக்கிற இடம், கொள்ளை போயிற்று. பப்ரீஷியுஸும் அவரோடு இருந்த பிரைட்ஹவுப்ட் பாதிரியாரும் திரும்பவும் பழவேற்காட்டுப் பாதையைப் பிடித்தார்கள். முதல் தடவை அவருக்கு முப்பத்தைந்து வயசு. இப்போது நாற்பத்தேழு. 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையைக் கைவிட்டுப் போன பிறகு மறுபடியும் பழைய இடத்துக்கு வந்து, கிழிந்ததைத் தைக்கிற வேலை.

ஆனால் யுத்தம் எடுத்துக்கொண்டே போகவில்லை. ஒரு தடவை கொடுத்தது. 1761-ல் சர் அயர் கூட் புதுச்சேரியைப் பிடித்தபோது, கொள்ளையில் ஒரு அச்சு யந்திரமும் அகப்பட்டது. சென்னையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. கம்பெனிக்கு வேண்டியதை முதலில் அடித்துத் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு அது வேப்பேரிக்கு, பப்ரீஷியுஸிடம் வந்தது. வீட்டை இடித்தவன் அச்சைக் கொடுத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். 1772-ல் புதிய ஏற்பாடு, 1774-ல் பாட்டுப் புஸ்தகம், 1779-ல் தமிழ்-ஆங்கில அகராதி என்று வேலை நடந்தது. அந்த அகராதியில் சுமார் 9,000 தலைச்சொற்கள். அதை விரித்துத் தரங்கம்பாடியார் பின்னால் பல பதிப்புகள் போட்டார்கள். என் மேஜையிலும் ஒரு பிரதி கிடக்கிறது. ஒரு சொல்லைத் தேடப் போய் மூன்று பக்கம் படித்துவிட்டு, தேடின சொல்லை மறந்து திரும்புகிற சுகம் அதில் உண்டு.

1774 என்ற வருஷத்தில் இன்னொன்றும் நடந்தது. பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளையைத்தான் பிற்பாடு சுவார்ட்ஸ் பாதிரியார் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். சரபோஜி மகாராஜாவோடு சேர்ந்து பழகி வளர்ந்து, 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய வேதநாயக சாஸ்திரியார் அவர். கர்நாடக ராகத்திலும் தாளத்திலும் கீர்த்தனை, குறவஞ்சி, கப்பல் பாட்டு என்று கொட்டித் தள்ளினவர். தமிழ்க் கிறிஸ்தவனுக்குத் தமிழ் மெட்டிலேயே பாட்டு உண்டு என்று ஊரறியச் செய்தவர். ஜெர்மன் மெட்டில் பப்ரீஷியுஸின் புஸ்தகம் வந்த வருஷமே இவரும் வந்தார்.

கதையாக எழுதினால் இங்கே இருவரையும் எதிரிகள் ஆக்க வேண்டும். பரதேசி மெட்டுக்கும் சுதேசி மெட்டுக்கும் போர் மூட்ட வேண்டும். நடந்ததோ வேறு. 1820-களில் தஞ்சாவூருக்குப் புதிய பாதிரிமார் வந்தார்கள். அவர்கள் செய்கிற கொடுமைகள் நான்கு என்று சாஸ்திரியார் எண்ணிக் காட்டி வழக்காடினார். கோயிலில் தமிழ்க் கீர்த்தனையும் வாத்தியமும் வேண்டாம் என்று தடுப்பது ஒன்று. கல்யாணத்திலும் சாவிலும் பூ கூடாது என்பது ஒன்று. சாதி பாராமல் எல்லோரையும் கலந்து உட்காரச் சொல்வது ஒன்று. இந்த மூன்றாவதில் பாதிரிமார் பக்கம்தான் நியாயம் இருந்தது என்பது என் எண்ணம். பெரிய கவிஞர் என்பதற்காக அதை மறைத்துப் பேசுவதற்கில்லை. நான்காவது குற்றச்சாட்டுதான் நமக்கு வேண்டியது. பழைய வேத மொழிபெயர்ப்பைத் திருத்துகிறேன் பேர்வழி என்று கை வைக்கிறார்கள் என்றார். பழைய மொழிபெயர்ப்பு என்றால் பப்ரீஷியுஸுடையது!

தமிழ் ராகத்தில் தோய்ந்த ஒரு தமிழ்க் கவிஞர், கால்சராய் தெரிகிற அந்தத் தமிழுக்காகச் சண்டை போட்டார். ஏன்? திருத்தின தமிழ் இலக்கண சுத்தமாகவே இருந்திருக்கலாம். ஆனால் பழையதை அவர் பிள்ளை வயசில் காதால் கேட்டு வளர்ந்தவர். ஜபத்தில், சாவு வீட்டில், கல்யாணத்தில் கேட்ட வார்த்தை அது. ஒரு பாஷை நம்முடையதாவது பிறப்பிடத்தினால் மட்டும் அல்ல. எந்தச் சமயத்தில் அது நம் வாயில் இருந்தது என்பதும் உண்டு. பின்னால் 1871-ல் பவர் பாதிரியார் தலைமையில் பொது மொழிபெயர்ப்பு ஒன்று வந்தபோது மற்ற சபைகள் அதற்கு மாறின. லுத்தரன் சபையார் நெடுங்காலம் பப்ரீஷியுஸையே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 'பொன் மொழிபெயர்ப்பு' என்று அதற்குப் பேர் வைத்தார்கள்.

மெட்டு விஷயமும் அப்படியே. அவர்கள் ஞானப்பாட்டுகளில் பெரிய வெள்ளியன்று பாடுகிற பாட்டு ஒன்று உண்டு; முள்முடி சூடிய தலையைப் பார்த்துப் பாடுவது. அதன் பூர்வீகத்தைத் தேடினால் வேடிக்கையாக இருக்கும். மெட்டைப் போட்டவர் ஹாஸ்லர் என்ற ஜெர்மானியர், 1601-ல். அப்போது அது ஒரு காதல் பாட்டு! ஒரு பெண்ணை நினைத்து மனசு குழம்பிக் கிடக்கிறவன் பாடுவது. சொல்லின் பூர்வீகம் வேறு: மத்திய காலத்து லத்தீன் கவிதை. அதை ஜெர்மனில் செய்தவர் பால் கெர்ஹார்ட். முப்பது வருஷ யுத்தத்தைக் கண்ணால் கண்டவர், பெற்ற பிள்ளைகளில் பலரைப் புதைத்தவர். 1656-ல் இந்தப் பாட்டு வெளிவந்தது. காதல் மெட்டு துக்கப் பாட்டைச் சுமந்தது. அதைப் பாக் தம் மத்தேயு பாடுகளில் திரும்பத் திரும்ப எடுத்துக் கையாண்டார். அப்புறம் தமிழுக்கு வந்தது. இத்தனை வீடு மாறிய மெட்டை, இது எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டால் யார் என்ன பதில் சொல்வது?

பப்ரீஷியுஸின் கடைசிக் காலத்தைச் சொல்லாமல் விட முடியாது. சொல்லவும் மனசு வரவில்லை.

அந்நாளில் சென்னைப் பட்டணமே கடன் பைத்தியம் பிடித்துக் கிடந்தது. ஆற்காட்டு நவாபு முகமது அலி கடன் வாங்காத ஆள் இல்லை. அதிக வட்டிக்கு ஆசைப்பட்டுக் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் கொடுத்தார்கள். அந்தக் கடன்களின் நாற்றம் லண்டன் வரை போய், 1785-ல் எட்மண்ட் பர்க் பார்லிமெண்டில் எழுந்து அதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அந்தச் சுழலில் நம் பாட்டு வாத்தியாரும் கால் வைத்தார். சபைப் பணமும், நம்பிப் பிறர் கொடுத்து வைத்த பணமும் கையில் இருந்தன. அதைப் பெருக்கினால் பிள்ளைகளுக்கும் ஏழைகளுக்கும் ஆகுமே என்று வட்டிக்கு விட்டார். வாங்கினவர்கள் திருப்பவில்லை. பணம் கொடுத்தவர்கள் கழுத்தைப் பிடித்தார்கள். கடனுக்காகச் சிறைக்குப் போனார். ஒரு தடவை அல்ல. அறுபது கடந்து எழுபதைத் தொடுகிற வயசில், குறிலும் நெடிலும் எண்ணிப் பாட்டு எழுதின கிழவர், கணக்கு எண்ணத் தெரியாமல் சிறையில் உட்கார்ந்திருந்தார்.

அவர் தமக்கென்று ஒரு காசு எடுத்தவர் அல்ல என்று அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சரி, ஆனால் பணத்தை இழந்தவனுக்கு அதில் என்ன ஆறுதல்? நல்ல மனிதர் செய்த நஷ்டமும் நஷ்டம்தான். 1788-ல் கெரிக்கே பாதிரியார் வந்து சபைப் பொறுப்பை வாங்கிக்கொண்டார். 1791 ஜனவரி 23-ஆம் தேதி, எண்பது வயசு முடிந்த மறுநாள், பப்ரீஷியுஸ் சென்னையில் காலமானார். வந்த நாளிலிருந்து ஐம்பது வருஷம். ஒரு தடவை கூட ஜெர்மனிக்குத் திரும்பவில்லை.

வேப்பேரிப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் நான் குடியிருந்த நாட்களில், தெருமுனைக் கோயிலிலிருந்து பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டுக் கேட்கும். எனக்குப் பாட்டின் பெயரோ மெட்டின் பூர்வீகமோ அப்போது தெரியாது. ஒன்றை மட்டும் கவனித்திருக்கிறேன். ஆர்கன் வாசிப்பவர் சரியான காலத்தில் ஆரம்பிப்பார். இரண்டாவது வரிக்குள் ஜனங்கள் பின்தங்கிவிடுவார்கள். வரி முடிவில் நிற்க வேண்டிய இடத்தில் நின்று, அங்கே எழுதாத ஒரு வளைவையும் குழைத்து, ஆற அமர அடுத்த வரிக்கு வருவார்கள். அவர் கொஞ்ச நேரம் இழுத்துப் பார்ப்பார். மூன்றாவது சரணத்துக்கு மேல், வேறு வழியில்லாமல், ஆர்கனும் அவர்கள் பின்னால் போகும்.